இணைச்சீருக்கு எட்டுக் கிலோ

11

தீவனக் குடோனில் எடை மெஷின் மேல் ஏறி நின்றதும் தனப்பிரியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எண்ணைப் படித்துச் சொல்வது நித்யஸ்ரீயின் வேலை.

"எண்பத்தொண்ணு நானூறுக்கா."

"போன வெள்ளிக்கெழமை?"

"எண்பத்தொண்ணு."

தனப்பிரியா கண்ணைத் திறந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் 81.4 என்று கூசாமல் நின்றது. ஏழு நாளாக ஒரு பருக்கைச் சோறு தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விருந்தில் ஜாங்கிரியை இலையில் வைத்த கையோடு எடுத்துப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டவள் அவள். அதற்குக் கிடைத்த பரிசு நானூறு கிராம் கூடுதல்.

"மெஷின் சரியில்ல. நேத்து மக்காச்சோளம் எறக்கறப்ப மூட்டையத் தொம்முனு போட்டானுக."

"இருக்கும்க்கா," என்று சொல்லிவிட்டு நித்யஸ்ரீ ஏறி நின்றாள்.

சரியில்லாத அதே மெஷின் அவளுக்கு 61.8 என்று காட்டியது. போன வாரத்தைவிட எழுநூறு கிராம் குறைவு. தனப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. விடியற்காலையில் வெண்ணெய்க் காபி ஊற்றிய வயிறு, நன்றாகவே எரிந்தது.

இந்த வாரம்தான் முதல் முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு நாலு வார்த்தை. நாமக்கல் மோகனூர் சாலையில் நாற்பதாயிரம் கோழி வளர்க்கும் குடும்பம் இது. பெரிய மகன் தமிழரசு தீவனத்தைப் பார்க்கிறான். சின்னவன் கவின் முட்டை லோடோடு கேரளாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிறான். தமிழரசின் மனைவி தனப்பிரியா, வயது முப்பத்தெட்டு. கவினின் மனைவி நித்யஸ்ரீ, முப்பத்தொன்று. இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள் மட்டுமல்ல, அண்ணன் தம்பி பிள்ளைகளும்கூட. நித்யஸ்ரீ தனப்பிரியாவின் சித்தப்பா மகள். ஏழு வருடம் முன்பு அவளை இந்த வீட்டுக்குப் பெண் பேசி முடித்ததே தனப்பிரியாதான். இப்போது அதை நினைத்தால் அவளுக்குத் தன் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தனப்பிரியாவின் வலது முட்டி தேய்ந்துவிட்டது. சேலத்து டாக்டர், மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்துக்கொண்டு வா, அப்புறம் கத்தி வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம் என்றார். அவளுக்குக் கத்தியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தம்பி பூபதிக்கு முப்பத்து நாலு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்து, இன்னும் பத்தொன்பது நாளில் கல்யாணம். இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்ணைப் போலச் சிங்காரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் இருப்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை தம்பியின் கக்கத்தில், மறு முனை அவள் கையில். தம்பிக்குப் பெண்டாட்டி வந்த பிறகும் அக்காளின் உரிமை போகாது என்று ஊர் பார்க்கச் சொல்லும் சீர் அது. பத்து வருடமாக அதற்காகவே காத்திருக்கிறாள். மணையில் உட்கார்ந்து எழ முட்டி ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் சோறு, மாவு தொடாத பேலியோ உணவுமுறை. பத்து வாரத்துக்கு முன்னால் அக்காளும் தங்கையும் ஒரே நாளில் சோற்றை நிறுத்தினார்கள். முதல் நாலு வாரத்தில் 84.2 மளமளவென்று 80.9 ஆனது. அப்புறம் நின்றதுதான். நித்யஸ்ரீக்கு மட்டும் நிற்கவில்லை.

*

எட்டு மணிக்கு அடுப்படியில் தனப்பிரியா முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

பண்ணை வீட்டில் முட்டைக்குப் பஞ்சமில்லை என்றாலும், லாரிக்குப் போகிற நடுத்தர முட்டையை யாரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். அட்டைத் தட்டில் உட்காராத இரட்டைக்கரு முட்டையும், புதிதாக முட்டை வைக்கத் தொடங்கிய கோழியின் குட்டி முட்டையும்தான் வீட்டுக்கு. பிரித்து வைப்பது பெரிய மருமகளின் பொறுப்பு. இரட்டைக்கருவெல்லாம் தனக்கும் தமிழரசுக்கும். சின்னது சின்னவளுக்கு. ஏழு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. உணவுப் பட்டியலில் ஆளுக்கு ஐந்து முட்டை என்று இருந்தது. ஆளுக்கு ஐந்தும் எண்ணித்தான் வைத்தாள்.

மற்றதெல்லாம் அந்த ஆலோசகர் சொன்னபடி. யூடியூபில் தினமும் பேசுகிற மனிதர். மாவுச்சத்தை விட்டுவிட்டால் கலோரியைப் பற்றிக் கவலையே வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடுங்கள், கொழுப்புதான் கொழுப்பைக் கரைக்கும் என்பார். தனப்பிரியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நித்யஸ்ரீ இறங்க இறங்க, இவள் கரைப்பதற்கு இன்னும் ஒரு கரண்டி நெய் சேர்த்தாள். பனீரில் பெரிய பாதி, பாதாமில் பெரிய பிடி. மருந்து என்றால் மூத்தவளுக்குத்தானே கூடுதலாக வேண்டும்.

போன் அடித்தது. மல்லசமுத்திரத்திலிருந்து அம்மா ராஜம்மாள்.

"சாமி, சீர் நடத்தி வெக்கற அருமைக்காரர் வந்துட்டுப் போனாரு. சீர் மொறையெல்லாம் பேசுனோம்."

"சரி."

"மணையில ஒக்காந்து எந்திரிக்கோணும், மூணு தடவ உழுந்து கும்புடோணுமாம். நடுவுல நொண்டுனாப் பொண்ணு ஊட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்களாமா."

"யாரு நொண்டப் போறா?"

அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். அந்த நிறுத்தம் தனப்பிரியாவுக்குப் பிடிக்கவில்லை.

"இல்ல கண்ணு, நித்யாவும் பூபதிக்குத் தங்கச்சி மொறதான. இப்ப சிக்குனு இருக்குது. அத நிக்க வெச்சுட்டா..."

தனப்பிரியா அடுப்பை அணைத்தாள்.

"இத யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரு சொல்லிக் கொடுக்கோணும். நாந்தான் யோசிச்சேன். சாயந்தரம் அருமைக்காரருக்குப் பேரச் சொல்லியாகோணும். நீ ரோசன பண்ணிச் சொல்லு சாமி."

தனப்பிரியா போனை வைத்தாள். ஐந்து பெரிய முட்டைகளை உரித்து, கோபத்தோடு ஐந்தையும் தின்றாள். ருசி தெரியவில்லை.

*

தமிழரசு குடோனை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தீவனக் கலவை போட்டுக்கொண்டிருந்தான். மாதத்துக்கு இரண்டு முறை அவனுக்கு அந்த வேலை உண்டு. எத்தனை கிலோ மக்காச்சோளம், எத்தனை கிலோ சோயா, எவ்வளவு எண்ணெய் என்று கிராம் சுத்தமாகப் போடுவான். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கிராம். ஒரு கிராம் கூடினாலும் அவனுக்குத் தூக்கம் வராது.

"ஏனுங்க, எங்கம்மா என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா? இணைச்சீருக்கு நித்யாவ நிக்க வெக்கலாமாம்."

தமிழரசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்ற முட்டிய நெனச்சுத்தான சொல்றாங்க. அதுலயும் நாயம் இருக்குதல்ல."

"என்ன நாயம்?"

"நித்யாவப் பாரு, பத்து வாரத்துல எப்படி எளச்சிருச்சு. அதுங்கிட்ட ஒரு ஒழுங்கு இருக்குது."

ஒழுங்கு. பதினாறு வருடமாக இந்த வீட்டின் சாவிக்கொத்து தனப்பிரியாவின் இடுப்பில் இருக்கிறது. ஒரு நாள் பால் பொங்கி வழிந்ததில்லை, ஒரு நாள் வேலையாள் சாப்பாடு தாமதமானதில்லை. அந்த வார்த்தையை இத்தனை வருடத்தில் அவள் காதில் போட்டதில்லை இவன்.

"நானும் அதே சாப்பாடுதானுங்க. ஒரே அடுப்பு, ஒரே சட்டி."

"சட்டி ஒண்ணுதான். அளவும் ஒண்ணா?"

"அளவே பாக்க வேண்டாமுன்னுதான் அந்த ஆலோசகர் சொல்றாரு. மாவுச்சத்து இல்லீன்னாக் கலோரிக் கணக்கே கெடையாது."

தமிழரசு சிரித்துவிட்டான். அவன் சிரித்திருக்க வேண்டாம்.

"நாலாவது ஷெட்டுல கோழி கொழுத்துக் கெடக்குது, முட்ட கொறஞ்சு போச்சு. ஏன்னு நெனக்கற? மக்காச்சோளம் வெல ஏறிப்போச்சுன்னு அதக் கொறச்சுட்டு எண்ணெயச் சேத்து ஊத்துனேன். மக்காச்சோளத்துல கிலோவுக்கு மூவாயிரத்து முன்னூறு கலோரி. எண்ணெயில எட்டாயிரத்துக்கும் மேல. வந்தது மாவா கொழுப்பான்னு கோழி பாக்காது. மிச்சமானத வயித்துக்குள்ள பூசி வெச்சுக்கும்."

"அப்ப நாங்க கோழியாங்க?"

"கோழின்னாப் போட்டதத் திங்கும். நீ போட்டுக்கிட்டுத் திங்கற."

தனப்பிரியா வெளியே வந்தாள். தன்னைக் கோழி என்றதுகூடப் பரவாயில்லை. நித்யாவப் பாரு என்று சொன்னபோது அவன் குரலில் ஒரு மெச்சுதல் இருந்தது. அதுதான் நடந்து வருகிற வழியெல்லாம் கூடவே வந்தது.

*

பத்து மணிக்கு மாமியார் சௌந்திரம் சேலத்துக்குக் கிளம்பினாள். கல்யாணத்துக்கு முறை செய்யச் செவ்வாய்ப்பேட்டையில் துணி எடுக்க வேண்டும்.

தனப்பிரியா நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, காரில் நித்யஸ்ரீ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு சாமி செரமப்பட்டுக்கிட்டு," என்றாள் சௌந்திரம். "அந்தச் சந்துக்குள்ள காரு போகாது. நடக்கோணும், கடை மாடியேறோணும். நித்யா வந்தாப் போதும்."

"என்ற தம்பி கல்யாணத்துத் துணிங்கத்தே."

"யாரு இல்லீன்னா? போட்டோ எடுத்து அனுப்பறேன், நீ பாத்துச் சொல்லு."

கார் போய்விட்டது. கண்ணாடி வழியாக நித்யஸ்ரீயின் கழுத்தெலும்பு தெரிந்தது. தனப்பிரியாவுக்கும் ஒரு காலத்தில் கழுத்தெலும்பு இருந்தது. அதைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே சட்டியில் தின்கிறவர்களில் ஒருத்தி மட்டும் எப்படி உருகுவாள்? இப்போதெல்லாம் வயிற்றில் போட்டுக்கொண்டால் பசியே எடுக்காத ஊசி வந்திருப்பதாகப் பேலியோ வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டார்கள். அந்த எண்ணம் வந்த பிறகு அவளால் கீழே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நித்யஸ்ரீயின் அறை மாடியில். பதினெட்டுப் படி. தனப்பிரியா மாடிக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நிறுத்தி மூச்சு வாங்கி, பொறாமையே தள்ளிக்கொண்டு போக ஏறிச் சேர்ந்தாள். டாக்டர் பார்த்திருந்தால் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

அறையில் இருந்த சின்ன ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. மருந்து டப்பாவில் தலைவலி மாத்திரை. கட்டிலுக்கு அடியில் செருப்பு. தன் வீட்டிலேயே திருடியைப் போல நிற்கிறோம் என்று ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது. பீரோவைத் திறந்ததும் கூச்சம் போய்விட்டது.

சேலைகளுக்குப் பின்னால் துண்டில் சுற்றி ஒரு சின்ன எடை மெஷின். சமையலறை மேடையில் வைக்கிற அளவுதான், கிராம் காட்டுவது. பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். நித்யஸ்ரீயின் உருண்டை எழுத்து. மேலே ஆறு வாரத்துக்கு முந்திய தேதி. இடப்பக்கம் 'நான்' என்றும் வலப்பக்கம் 'அக்கா' என்றும் இருந்தது.

தனப்பிரியா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'நான்' பக்கத்தில்: முட்டை 5, சின்னது, ஒன்று 44 கிராம். பாதாம் 30 கிராம். நெய் ஒரு ஸ்பூன். பனீர் 100 கிராம். மற்றதும் சேர்த்து மொத்தம் ஆயிரத்து முன்னூறு சொச்சம் கலோரி.

'அக்கா' பக்கத்தில்: முட்டை 5, இரட்டைக்கரு, ஒன்று 82 கிராம். பாதாம் 100 கிராம். நெய் ஐந்து ஸ்பூன். வெண்ணெய்க் காபி இரண்டு. பனீர் 200. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு கலோரி.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஐந்துக்கு ஐந்து என்று எண்ணி வைத்த முட்டைகள். எண்ணிக்கை ஒன்றுதான். குட்டி முட்டையைச் சின்னவள் தட்டில் தள்ளியது யார்? பெரிய பாதி, பெரிய பிடி, கூடுதல் கரண்டி எல்லாம் யார் கை? பத்து வாரமாகத் தங்கையை இளைக்க வைத்தது தன் கைதான் என்று தெரிந்தபோது, அவளுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெட்கம் தாளின் கடைசி வரி வரைக்கும்தான் நின்றது. அடியில் பென்சிலில் எழுதியிருந்தாள்: அக்கா ஆயிரத்து எழுநூறுக்கு வந்தால் வாரம் அரைக் கிலோ இறங்கும்.

வாரம் அரைக் கிலோ. ஆறு வாரத்துக்கு மூன்று கிலோ. அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இன்று காலை மெஷினில் எழுபத்தெட்டைப் பார்த்திருப்பாள். டாக்டர் சொன்ன எழுபத்தாறு எட்டுகிற தூரத்தில் இருந்திருக்கும். அம்மாவும் அப்படி ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாள். இது அத்தனையும் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்தில் நின்று எண் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

தனப்பிரியா எடை மெஷினைத் துண்டோடு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. சௌந்திரம் கால் வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நித்யஸ்ரீ துணிப் பைகளோடு அடுப்படிக்கு வந்தாள்.

மேடையில் எடை மெஷின் இருந்தது. நித்யஸ்ரீ அதைப் பார்த்தாள். பைகளை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்ற ரூமுக்குப் போனீங்களாக்கா?"

"போனேன். பதினெட்டுப் படி ஏறி. ஊசி கீசி போட்டுக்கறயான்னு தேடுனேன்."

"ஊசியா?" நித்யஸ்ரீக்குச் சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றது.

"எப்ப இருந்து எட போடற?"

"நாலாவது வாரத்துல இருந்து. எனக்கும் எறங்கறது நிக்கப் பாத்துச்சு. அப்பறம் ஒரு வாரம் தின்னத எல்லாம் எட போட்டுப் பாத்தேன். பாதாமு மட்டும் எழுநூறு கலோரிக்குப் போயிட்டு இருந்துச்சு. கொறச்சேன், மறுபடியும் எறங்குச்சு."

"அப்ப கலோரி பாக்க வேண்டாமுன்னு அந்தாளு சொல்றது பொய்யி."

"பொய்யின்னு சொல்ல முடியாதுங்க்கா. சோத்த விட்டா நெறையப் பேருக்குப் பசி அடங்கிருது. பசி இல்லீன்னாத் தானாக் கொறச்சுத் திங்கறாங்க, எண்ணாமயே எளச்சுருவாங்க. ஆனா நீங்க..." அவள் நிறுத்தினாள்.

"நான் என்ன? சொல்லு."

"நீங்க பசிக்குன்னாக்கா தின்னீங்க?"

பத்து வாரத்தில் ஒரு நாள்கூட அவளுக்குச் சரியாகப் பசித்ததில்லை. ஒவ்வொரு கரண்டியும் நித்யஸ்ரீயின் எண்ணைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டது. அது இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"உனக்குத் தெரிஞ்சுதான் இருக்குது. தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"மொத வாரத்துல குழுவுல ஒருத்தங்க கலோரிக் கணக்குக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? அளந்து திங்கறதுக்கு இது என்ன ரேசன் கடையான்னு எல்லாருமு சிரிக்கற மாதிரிப் போட்டீங்க."

"அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்குது. அதச் சொல்லு."

நித்யஸ்ரீ மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சின்ன வயசுல உங்க பாவாடையத்தான் போட்டேன். பள்ளிக்கூடத்துல என்ற பேரு தனப்பிரியா தங்கச்சி. கட்டிக்கிட்டு வந்த எடத்துலயும் அதேதான். நான் எந்த முட்டயத் திங்கறதுன்னு இன்னிக்கு வரைக்கும் நீங்கதான் எடுத்து வெக்கறீங்க. வெள்ளிக்கெழமை அந்த மெஷின்ல மட்டுந்தான் நான் மொதல்ல இருந்தேன். அத உடறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க்கா."

தனப்பிரியாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. அதே நோயில் படுத்துக் கிடப்பவளுக்குப் புரியாமல் போகுமா? புரிந்ததால் கோபம் குறையவில்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி ஏழு வருடமாக இப்படி வெந்துகொண்டிருந்தது தெரிந்ததில் ஒரு ஓரத்தில் திருப்திகூட இருந்தது. அதையும் அவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

"அதுக்குத்தான் இப்ப இணைச்சீரும் வேணுமா? எங்கம்மாகிட்டப் போயிக் கேட்டது நீதான?"

"சத்தியமா இல்லீங்க்கா. அது உங்க எடம். எனக்குத் தெரியாதா?"

"இரு, இப்பவே கேட்டர்றேன்."

தனப்பிரியா அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை எடை மெஷின் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே ராஜம்மாள் எடுத்துவிட்டாள்.

"என்ன சாமி, அருமைக்காரர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு. எந்தப் பேரச் சொல்லட்டும்?"

"பேரு அப்பறம். நித்யா பேர உங்கிட்டச் சொன்னது யாரு? காத்தால நீயா யோசிச்சேன்னு சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும். நித்யாதான வந்து கேட்டா?"

"அய்யோ, அது பாவம். அது எதுக்கு இங்க வருது?"

"அப்பறம்?"

ராஜம்மாள் குரலைத் தாழ்த்தினாள், ஸ்பீக்கரில் அதுவும் அடுப்படி முழுக்கக் கேட்டது.

"சொல்ல வேண்டாமுன்னுட்டுப் போனாரு கண்ணு. உன்ற ஊட்டுக்காரர்தான். போன புதங்கெழம வந்திருந்தாரு. இவளால மணையில ஒக்கார முடியாது, சபையில அழுதுருவா, நித்யாவ நிக்க வெச்சிருங்க, நீங்களாச் சொல்ற மாதிரிச் சொல்லுங்கன்னாரு. காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டாரு."

தனப்பிரியா போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இணைச்சீருக்கு நாந்தான் நிப்பேன். மணையில ஒக்காந்தா எந்திரிக்கறது என்ற பாடு. அருமைக்காரர்கிட்ட என்ற பேரச் சொல்லிரு."

அம்மா ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் துண்டித்துவிட்டாள். பத்தொன்பது நாளில் ஐந்தரைக் கிலோ இறங்காது என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அது அவளுக்குத் தெரியும். எண்பது கிலோவோடு அந்த மணையில் உட்காரத்தான் போகிறாள்.

அப்புறம்தான் நிமிர்ந்து நித்யஸ்ரீயின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது, சங்கடம் இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை.

"உனக்கு இது முன்னயே தெரியுமா?"

நித்யஸ்ரீ சேலை முந்தானையைக் கையில் சுற்றினாள்.

"வேண்டாமுன்னுதாங்க்கா சொன்னேன். மாமா கேக்கல."

பதினாறு வருடத்தில் தமிழரசு தன்னிடம் சொல்லாமல் தன் பிறந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை என்று தனப்பிரியா ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். போன புதன்கிழமை சேலத்துக்குக் கோழி மருந்து வாங்கப் போவதாக அவளிடம் சொன்னான். உண்மையில் எங்கே போகிறான் என்பதை நித்யஸ்ரீயிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.